ஹலோ அண்ணாச்சி ஆகாயக் கப்பல் படம் பார்த்த கதை

ஹலோ அண்ணாச்சியிடம் பொய் சொல்லித் தப்பித்த ஆள் திருநெல்வேலி ஜில்லாவில் இதுவரை பிறக்கவில்லை. நேரில் சொன்னாலும் சரி, போனில் சொன்னாலும் சரி, அவருக்கு ஒரு வார்த்தை போதும். "தொண்டையில பொய் கெடக்கு, துப்பிட்டுப் பேசும்வே" என்று சொல்லிவிடுவார்.

பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். எட்டு வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாமே காதுதான். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்து "ஹலோ, ஹலோ" என்று சொன்னதால் ஹலோ அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது அவருக்கே மறந்திருக்கும். அதே அலுவலகத்தில் பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மணியடித்தால் ஓடிப்போய் நிற்பது என் வேலை. ஓடிப்போய் என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டேன், நான் ஒரு நாளும் ஓடியதில்லை. நடந்துதான் போவேன். என் பெருக்குமாறு படாத மூலை அந்தக் கட்டடத்தில் கிடையாது, என்னிடம் குரலை உயர்த்திய அதிகாரியும் கிடையாது.

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரிக்கு, அண்ணாச்சியின் காதைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, வாயில் கைக்குட்டையைப் பொத்தி, போன் போட்டு, "மந்திரி ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்றார்.

"சார், கைக்குட்டைய எடுத்துருங்க, மூச்சு முட்டிரும்" என்றார் அண்ணாச்சி. "அப்புறம், உங்க ஃபேன்ல ஒரு எறக்க தட்டுது. ஆளக் கூப்பிடட்டா?"

இன்னொரு நாள் ஒரு கிளார்க் போன் போட்டு, பாட்டி தவறிவிட்டாள், லீவு வேண்டும் என்று அழுதார்.

"எங்கனவே இருக்கீரு?"

"நாசரேத்துல அண்ணாச்சி."

"நாசரேத்துல எப்பவே நம்ம டவுன் பஸ் கண்டக்டர் 'ஜங்ஷன் ஜங்ஷன்'னு கூவ ஆரம்பிச்சான்? பாட்டி பஸ்ஸுக்கு நிக்காளோ?"

கிளார்க் அரை மணி நேரத்தில் வேலைக்கு வந்துவிட்டார். பாட்டி அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தாள்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தொடர் ஓடியது. எங்கேயோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் பேச வைத்திருந்தார்கள். 'விடிவெள்ளி' என்று ஒரு ஆகாயக் கப்பல், அதில் ஏழு பேர். பூமிக்குத் திரும்புகிற வழியைத் தொலைத்துவிட்டு, வாரா வாரம் ஏதாவது ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். அவர்களுக்குத் தலைவன் ஒரு மாலுமி.

அண்ணாச்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் டி.வி.யும் இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். வலது காதைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவார். புதிதாகப் பார்க்கிறவர்கள், ஏதோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். திரையில் நடப்பதை அவருக்குச் சொல்வது என் பொறுப்பு.

"இப்ப என்ன நடக்கு தங்கச்சி?"

"ஒரு பூதம் வருது அண்ணாச்சி."

"எத்தன கை?"

"ஆறு."

"எண்ணித்தான் சொல்லுதியா, குத்துமதிப்பா?"

எண்ணித்தான் சொல்ல வேண்டும். ஒரு கை குறைந்தாலும், "சத்தம் எட்டுக் கை சத்தம்லா கேக்கு" என்று மறுப்பார். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் கை எண்ணுவதற்கு எழுத்து எதற்கு?

அந்த மாலுமியின் குரலில்தான் அவர் உயிரை வைத்திருந்தார். மாலுமி "பயப்படாதீர்கள்" என்று சொன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இவர் தலையாட்டுவார். என் மகள் ஒரு தடவை, "மாமா, அவன் வெள்ளக்காரன். தமிழ்ல பேசுதது மெட்ராஸ்ல யாரோ ஒருத்தர்" என்று சொல்லிவிட்டாள்.

"தெரியும்ட்டி" என்றார். "வெள்ளக்காரன் சும்மா வாயத்தான் அசைக்கான். மாலுமி யாருன்னா பேசுதவருதான்."

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். கப்பல் ஒரு கரும்புகைக்குள் நுழைந்ததோடு சரி. திங்கட்கிழமை காலையில், அலுவலகப் போனிலிருந்தே அண்ணாச்சி சென்னையில் இருக்கிற டி.வி. நிலையத்தைக் கூப்பிட்டார். நான் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"கப்பல் எங்கனம்மா நிக்கு?"

மறுமுனையில் ஒரு பெண் என்னவோ கேட்டாள்.

"எந்தக் கப்பலா? ஏழு பேர ஆகாயத்துல அந்தரத்துல விட்டுட்டு, நீங்க அங்கன உக்காந்து ரசம் வச்சிட்டு இருக்கீகளா?"

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். "யாரு லைன்ல?"

"அவசரம் சார்" என்றார் அண்ணாச்சி, முகம் மாறாமல். "ஏழு பேரு உசுரு விஷயம்."

அதிகாரி பயந்துபோய் அவர் பேசி முடிக்கிற வரை நின்றுகொண்டிருந்தார். கப்பல் மட்டும் வரவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. அவரும் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். சமாதானபுரத்தில் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. டீக் கடையும் பஸ் நிறுத்தமும் இந்தப் பக்கம். அவர் தினமும் யார் கையையும் பிடிக்காமல் ரோட்டைத் தாண்டி வருவார். லாரி எது, மினி பஸ் எது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதெல்லாம் காதிலேயே அளந்துவிடுவார்.

போன வருஷம் அவருடைய காதில் எனக்குச் சந்தேகம் வந்தது. பால்காரரைப் பார்த்து, "என்ன போஸ்ட்மேன், காலங்காத்தால?" என்றார். விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் நான் போன் போட்டபோது, "யாரு பேசுதது?" என்று கேட்டார். முப்பது வருஷமாக, நான் தொண்டையைச் செருமினாலே "சொல்லு தங்கச்சி" என்கிற மனுஷன். "நாந்தான் அண்ணாச்சி" என்றேன். "லைன் சரியில்ல" என்றார்.

பொய் சொல்பவர்களைப் பிடிக்கிறவர்தான். தனக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ரோட்டைத் தாண்டும்போது ஒரு ஸ்கூட்டர் உரசிக் கீழே தள்ளிவிட்டது. மின்சாரத்தில் ஓடுகிற புது வண்டி, சத்தம் போடாமல் பூனை மாதிரி வருமே, அது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. "வண்டின்னா சத்தம் போடணும்வே! ஊமை வண்டிக்கு எவன்வே லைசென்சு குடுத்தான்?" என்று நடுரோட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டார். ஆனால் அன்றைக்கு வீடு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பெங்களூரில் இருக்கிற அவருடைய அக்கா மகனுக்கு விஷயம் போனது. "மாமா, போதும், எங்கூட வந்துருங்க" என்று வாரம் ஒரு தரம் போன் வந்தது. நான் காது டாக்டரிடம் போவோம் என்றேன்.

"எதுக்கு? கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காத்தி, 'பீப்' கேக்கா, 'பீப்' கேக்கான்னு கேப்பான். ஜில்லா பூராவும் கேட்ட காதுக்குப் பீப் பரீட்சையா?"

இந்தச் சமயத்தில்தான் என் மகள் செல்போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், அந்தக் கப்பல் தொடரை இப்போது சினிமாவாக எடுத்துவிட்டார்களாம், தமிழிலும் வருகிறதாம், மாலுமியாக அதே வெள்ளைக்காரன்தானாம். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, கேட்டுக்க. நமக்குப் பீப் வேண்டாம், மாலுமி போதும். படத்துல அவரு பேசுத மொத பேச்சுலயே நான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சிட்டேன்னா காதுக்கு ஒண்ணுமில்ல, இங்கனயே கெடப்பேன். இல்லன்னா மறுநாளே மருமவன வரச் சொல்லி, வீட்டப் பூட்டிட்டுப் போயிருதேன்."

"போயி என்ன செய்வீக?"

"ஒரு ரூம்ல உக்காந்திருப்பேன். அங்க ரோடு தாண்ட வேண்டாம்லா."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

படத்துக்கு முன்னால் மூன்று நாள் காதில் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி விட்டுக்கொண்டார். மழை மேகத்தைப் பார்த்துச் சளி பிடித்துவிடும் என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். ஜங்ஷன் பக்கத்து தியேட்டரில் மத்தியான ஆட்டம். உள்ளே மொத்தமே இருபது பேர் இருப்பார்கள். விளம்பரத்துக்கே தரை அதிர்ந்தது.

"இடியா தங்கச்சி?"

"ஜவுளிக் கட விளம்பரம் அண்ணாச்சி."

படம் ஆரம்பித்தது. நான் என் பொறுப்பை ஆரம்பித்தேன். "கப்பல் வருது."

"எம்புட்டுப் பெருசு?"

"நம்ம ஈரடுக்குப் பாலம் இருக்குல்லா? அதப் பேத்தெடுத்து ஆகாயத்துல வீசுன மாதிரி."

"நெறம்?"

"இட்லிச் சட்டி அடிப்பக்கம்."

முன் வரிசையில் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்த ஒரு தடித்த மனிதர் திரும்பினார். "ஏம்மா, படம் எங்களுக்கும் தெரியுது. பேசாம இருங்க."

"அண்ணாச்சிக்கு ஊரு சுரண்டையோ?" என்றார் எங்கள் அண்ணாச்சி. ஆளின் பேச்சைக் கேட்டு ஊரைச் சொல்லி வாயடைக்கிறது அவருடைய பழைய வித்தை.

"தூத்துக்குடி" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

அவர் ஊரைத் தப்பாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பக்கத்தில் அண்ணாச்சி துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

திரையில் ஒரு கதவு திறந்தது. தாடி நரைத்த ஒரு ஆள் வந்து நின்று, ஏதோ பேசினான்.

"யாரோ ஒருத்தன் பேசுதான்" என்றார் அண்ணாச்சி. "யாரது, புது ஆளா?"

நான் திரையை உற்றுப் பார்த்தேன். அதே மூக்கு, அதே கண். வயசு மட்டும் கூடியிருந்தது.

"யாருன்னு கேக்கேன்லா?"

"மாலுமி அண்ணாச்சி."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலது காதைத் திரைக்கு நேராகத் திருப்பினார். மாலுமி இன்னும் நாலு வாக்கியம் பேசினான். பிடி இறுகியது. "இவரா? நல்லாப் பாத்தியா?"

நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்குக் குரல் வேறாகத்தான் பட்டது. ஆனால் வருஷம் எத்தனை ஆயிற்று! அந்த தியேட்டர் அதிர்வில் என் மகள் பேசினாலே வேறாகத்தான் பட்டிருக்கும். என்றாலும் துணிந்து சொன்னேன். "கொரல மாத்திட்டாங்க அண்ணாச்சி. இது வேற ஆளு."

"உறுதியா?"

"உறுதியா."

"என்னத் தேத்தப் பாக்குத" என்றார். "உனக்குத் தெரியல."

என் தொண்டையில் கிடந்த பொய்யை அவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு கப்பல் எங்கே போகிறது, எத்தனை கை, ஒன்றும் கேட்கவில்லை.

இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பாப்கார்ன் விற்கிறவரிடம் போய், "மாலுமிக்குத் தமிழ்ல பேசுதது பழைய ஆளா, புது ஆளா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "காரமா, இனிப்பா?" என்றார்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி சொன்னார், "மருமவனுக்குப் போன் போடு."

"இங்கன டவர் இல்ல அண்ணாச்சி."

"அந்தா, அந்தம்மா போன் பேசுதது எனக்குக் கேக்கு."

"படம் முடியட்டும். மாலுமி வீடு போய்ச் சேருதாரான்னு பாக்காம எப்படிப் போறது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஆபரேட்டர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. "ஒண்ணு எங்காது போயிருக்கணும். இல்லன்னா இவன் மாலுமியே இல்ல. வேஷம் போட்டு வந்திருக்கான். கதையில அப்படியும் வைப்பாங்க, என்ன?"

"வைப்பாங்க, வைப்பாங்க" என்றேன் அவசரமாக.

இடைவேளைக்குப் பிறகு நான் சினிமா பார்க்கவில்லை, போலீஸ் வேலை பார்த்தேன். அந்தத் தாடிக்காரன் எப்போது முகமூடியைக் கழற்றுவான் என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவனோ நல்ல காரியமாகவே செய்து தொலைத்தான். தீக்குள் பாய்ந்து ஒருவனைக் காப்பாற்றினான். வேற்றுக் கிரகத்துப் பச்சைத் தோல்காரன் ஒருவனுக்காகத் தன் மூச்சுக் குழாயைக் கழற்றிக் கொடுத்தான்.

"வேஷம் கலஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

திடீரென்று பேச்சு நின்று, வயலின் மட்டும் கேட்டது. அந்தத் தாடிக்காரனும் கப்பல் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் நெருங்கிவிட்டார்கள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

"என்ன, சத்தத்தையே காணும்?"

"ஜெபம் பண்ணுதாங்க அண்ணாச்சி."

"ஜெபத்துக்கு இந்த மியூசிக் போட மாட்டான்" என்றார். அந்தக் கவலையிலும் பொய்யைக் கண்டுபிடிக்க முடிந்ததே என்று எனக்குச் சின்ன நிம்மதி.

படம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. பூமி தெரிந்தது. ஒருவனும் முகமூடியைக் கழற்றவில்லை. அண்ணாச்சி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர் மாதிரி. கப்பலில் பாதி எரிந்துபோய், வயர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. தாடிக்காரன் ஒயர்லெஸ்ஸை எடுத்து, "பூமி, பூமி, நாங்கள் விடிவெள்ளி. யாராவது இருக்கிறீர்களா?" என்றான். கர் கர் என்ற இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. திரையில் ஆளில்லை. ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"விடிவெள்ளி, உங்கள் குரல் கேட்கிறது. பயப்படாதீர்கள். இறங்கலாம்."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"ஹலோ!" என்றார், தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஹலோ! அவருதான்! தங்கச்சி, இதுதான் மாலுமி! எங்கன நிக்காரு?"

"ஆளு தெரியல அண்ணாச்சி. வெளக்குதான் எரியுது. கீழ பூமியிலேருந்து ஒயர்லெஸ்ல பேசுதாங்க."

"அவரேதான்! பேசுததுக்கு முன்னால மூச்ச இழுத்து ஒரு நிமிசம் வைப்பாரு பாரு, அந்த மூச்சு!"

இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குள் கேட்ட அதே குரல். தாடிக்காரனுக்கு வேறு யாரையோ பேச வைத்துவிட்டு, பழைய மனிதரை இந்த இரண்டு வரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஆமா அண்ணாச்சி, அவரேதான்!"

அவர் என் பக்கம் திரும்பி, ஒரு கணம் கேட்டார். "இதுல பொய் இல்ல" என்றார்.

தூத்துக்குடிக்காரர், "பெரியவரே, உக்காருங்க, தல மறைக்கி" என்றார்.

"கப்பல் எறங்கட்டும்வே, உக்காருதேன்!" என்று அண்ணாச்சி நின்றபடியே இருந்தார். கப்பல் இறங்குகிற வரை உட்காரவில்லை.

வெளியே வரும்போது அவருக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் விளக்கினார். "மாலுமி எப்பவோ ஊரு வந்து சேந்துட்டாரு, தங்கச்சி. மேல இருக்கவன் அவருக்குப் பதிலாப் பொறுப்பு பாக்குத ஆளு. இவரு வயசாயிட்டுன்னு, கீழ ஆபரேட்டர் வேலைக்கு வந்துட்டாரு. நல்ல வேல. சரியான ஆளத்தான் போட்டிருக்கான்."

நான் மறுக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவருக்கே இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

பஸ்ஸில் அவரே சொன்னார், "அந்தத் தூத்துக்குடிக்காரன்ட்ட தப்பிட்டேன். எடது காது கொஞ்சம் மந்தம்தான். அடுத்த வாரம் அந்தப் பீப் டாக்டர்ட்டயே போவோம். வேணும்னா மெஷின் மாட்டட்டும்."

"மருமவனுக்குப் போன்?"

"சொகமா இருக்கேன்னு போடு."

சமாதானபுரத்தில் இறங்கும்போது ரோட்டில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். நான் அவர் கையைப் பிடித்தேன். மெல்ல என் கையை எடுத்துவிட்டார்.

"நீ இங்கனயே நில்லு."

விளிம்பில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு பஸ்ஸைப் போக விட்டார். இரண்டு பைக்கை விட்டார். அடுத்ததாக ஒரு ஊமை ஸ்கூட்டர் வந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அவர் தலையை இன்னும் சாய்த்துக் கேட்டு, அதையும் போக விட்டார். பிறகு இறங்கி, சட்டையின் இஸ்திரி கலையாத நடையில் நடந்து, அந்தப் பக்க நடைபாதையில் ஏறினார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

அவர் திரும்பி நின்று கையை உயர்த்தினார். "தங்கச்சி! நீ மூச்சு விட்டது இங்கன வரைக்கும் கேக்கு!"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனாலும், "ஆமா அண்ணாச்சி" என்று நானும் கத்தினேன்.